தாள் வெள்ளையாகத்தான் இருந்தது

எய்யா,

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு ராஜபாளையத்தில் இருக்கிற மகனுக்கு எவனாவது கடிதம் எழுதுவானா என்று நீ சிரிப்பாய். பஸ் ஏறினால் அரை மணி நேரம். அதற்கு ஒரு கவரும் தபால்தலையும் எதற்கு? முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாதவன் எழுதத்தான் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை முதல் லீவுக்கு வந்தாய். புது வேலை, தொழிற்சாலை ஆய்வகத்தில் உனக்கென்று ஒரு மேசை, தங்குவதற்கு அவர்களே கொடுத்த அறை என்று சாப்பிட்டுக்கொண்டே உன் அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தாய். பிறகு என் பக்கம் திரும்பி, முதல் நாள் உன் மேலாளர் பிளீச்சிங் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்ன கதையைச் சொன்னாய். சுப்பையா என்று ஒருவன் சோதனைத் தாளை முக்கிப் பார்க்காமலேயே ஆசிட்டை ஊற்றி, தன் பெண்டாட்டியையே கொன்ற கதை. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறார்களாம். அந்தத் தாளைச் செய்துகொடுத்தவர் என் அப்பா என்று நீ சொன்னதும் அத்தனை பேரும் உனக்குக் கைகொடுத்தார்களாம். பெருமையில் உன் முகம் சிவந்திருந்தது. நான் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினேன். அல்சர் என்று நினைத்து உன் அம்மா மோர் கொண்டுவந்தாள்.

அந்தக் கதை பொய். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். பதிமூன்று வருடமாக இதை உள்ளே வைத்துக்கொண்டுதான் உனக்கு அப்பாவாக இருந்திருக்கிறேன். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டேன், பொய் சொன்னதற்காக ஒரு தடவை உன்னை ஸ்கேலால் அடிக்கவும் செய்தேன். இப்போது சொல்வதால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்.

நீயும் ப்ளஸ் டூவில் என்னிடம்தான் ஹாலஜன்கள் பாடம் கேட்டாய். முப்பது வருட வாத்தியார் வேலையில் நான் மனம் ஒன்றி நடத்திய பாடம் அது ஒன்றுதான். ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்று மேலிருந்து கீழே எழுதிவிட்டுப் பையன்களைப் பார்த்துத் திரும்புவேன். நாலு பேருக்கும் ஒரே குறைதான், வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான், எட்டாவதாக ஒன்று வேண்டும் என்பேன். ஃபுளூரின் ஆள் சின்னவன், உட்கரு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் இழுக்கிற வேகம் அதிகம். கீழே வர வர உடம்பு பெருக்கும், இழுவை குறையும். மேலே இருப்பது மஞ்சள் வாயு, அடுத்தது பச்சை கலந்த மஞ்சள் வாயு, அதற்கடுத்தது செந்நிறத் திரவம், கடைசியில் ஒன்றுக்கும் அவசரப்படாத கருநீலத் திண்மம். மேலே உள்ளவன் வந்து நின்றால் கீழே உள்ளவன் உப்பிலிருந்து எழுந்து இடம் கொடுக்க வேண்டும், ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் இருக்கிற சின்னப் பையனை எழுப்பிவிட்டுப் பெரியவர் உட்காருகிற மாதிரி என்பேன். வகுப்பு சிரிக்கும். எழுப்பப்பட்டவன் என்ன ஆனான் என்று ஒரு பையனும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

நீ இப்போது வேலை பார்க்கிற இடம் அப்போது தொழிற்சாலை இல்லை. செட்டியார்பட்டி போகிற ரோட்டில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு பட்டறை. ஆறு சிமெண்டுத் தொட்டிகள். தறியிலிருந்து வரும் காடாத் துணியை அங்கே வெளுத்து பேண்டேஜ் துணியாக்கி அனுப்புவார்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துணியை ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை வடித்து, அலசி, மிச்சமிருக்கும் சுண்ணாம்பு போக ஆசிட் கலந்த தண்ணீரில் இன்னொரு தடவை முக்கி எடுப்பார்கள். நடுவில் அலசுகிறதைச் சரியாகச் செய்யாவிட்டால், ஆசிட் விழுந்ததும் குளோரின் கிளம்பிவிடும். மூக்கால் மோந்துபார்த்துத்தான் அதுவரை வேலை நடந்தது. இரண்டு நாள் அந்த நெடியில் நின்றால் மூக்கு மரத்துப்போகும், பிறகு எதை மோப்பது? முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைக் கண்டால் “ரண்டி சாரு”, வாங்க சார் என்று எழுந்து நிற்பார். ஆசிட் ஊற்றலாமா என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள ஒரு வழி செய்துகொடுங்கள் என்று அவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி ஆய்வகத்தில் வடிதாளை விரல் அகலத்துக்கு நறுக்கி, கஞ்சித் தண்ணீரில் பொட்டாசியம் அயோடைடைக் கலந்து தோய்த்து, நிழலில் காயவைத்து, காலித் தீப்பெட்டிகளில் அடைத்துக் கொண்டுபோனேன். தண்ணீரில் குளோரின் இருந்தால் அது அயோடினை எழுப்பிவிடும், அயோடின் கஞ்சியைத் தொட்டால் நீலம். என் பாடம் ஒரு தொட்டியின் ஓரத்தில் உயிரோடு நடக்கப்போகிறது என்ற நினைப்பே எனக்குப் போதையாக இருந்தது.

தொழிலாளர்கள் பதினைந்து பேரை வரிசையாக நிற்கவைத்து முக்கிக் காட்டினேன். “நீலமா வந்தா ஊத்தாதீங்க. வெள்ளையா இருந்தா ஊத்துங்க. அம்புட்டுத்தான்” என்றேன். முதலாளி கைதட்டினார். எய்யா, நீ எம்.எஸ்ஸி. படித்தவன், நான் எதை விட்டுவிட்டேன் என்று இந்நேரம் உனக்குப் பிடிபட்டிருக்கும். குளோரின் அளவுக்கு மிஞ்சி இருந்தால் அயோடினை எழுப்புவதோடு நிற்காது. எழுந்தவனையும் விடாமல் பிடித்து அயோடிக் அமிலமாக்கிவிடும். நீலம் வந்த வேகத்தில் வெளுத்துவிடும். வருடா வருடம் பரீட்சைக்கு முன்னால் இரண்டு மார்க் கேள்வி என்று அடிக்கோடு போடச் சொல்லி நான் நடத்துவது. அதை அங்கே சொல்லவில்லை. மறந்து அல்ல. இரண்டே இரண்டு நிறம் என்று சொல்லும்போது விதி அழகாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி ஏன் குழப்ப வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பதினைந்து பேரில் ஒருவன்தான் சுப்பையா. என் வயது இருக்கும். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாவும் அங்கேயே துணி அலசுகிற வேலை. தாளைக் கொடுத்து நாலைந்து மாதம் இருக்கும், ஒரு சனிக்கிழமை நான் பட்டறைக்குப் போனபோது அவன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். “சார், ஒரு சந்தேகம். முந்தாநாளு புதுசா கரைச்ச தொட்டியில சும்மா முக்கிப் பாத்தேன். செத்த நேரம் நீலமா வந்துச்சு, பொறவு வெளுத்துப் போச்சே சார்? நெடி மூக்கைத் தொளைக்கு. தாளு வெள்ளையா நிக்கி” என்றான். அவன் படிக்காதவன். நான் அழகுக்காக மறைத்ததை அவன் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டான். அப்போது முதலாளியோடு வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஆமாம், சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று சொல்ல என் வாய் வரவில்லை. “உன் கண்ணு மங்கிப்போச்சு சுப்பையா, புத்தூர் வந்தா நல்ல டாக்டராப் பாத்துக் கண்ணாடி வாங்கித் தாரேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பேச்சியம்மா மட்டும் சிரிக்காமல், “ஏட்டிக்குப் போட்டியாப் பேசாம வாரும், சாருக்குத் தெரியாததா” என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள். சாருக்குத் தெரிந்துதான் இருந்தது.

போபால் செய்தி வந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். அது நடந்த அன்றைக்கு அவசர ஆர்டர் என்று பவுடரை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரைத்திருக்கிறார்கள். வடிகால் குழாயில் துணிப்பிசிறு அடைத்து, தொட்டித் தண்ணீர் பாதிக்குமேல் வடியாமல் நின்றிருக்கிறது. தொட்டிக்குக் கீழே ஆள் குனிந்து நிற்கிற அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. அடைப்பை எடுக்கப் பேச்சியம்மா அதில் இறங்கியிருக்கிறாள், சுப்பையா அதைக் கவனிக்கவில்லை. சுப்பையா தாளை முக்கினான். வெள்ளை. தண்ணீர் வடிந்துவிட்டது, மிச்சம் நிற்பது அலசின தண்ணீர் என்று நினைத்து ஆசிட்டை ஊற்றினான். குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடித்தான் போகும். இதையும் நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவளைத் தூக்க இறங்கியவன் நுரையீரலும் வெந்துபோனது. அவன் பிழைத்தான். அவள் மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

எனக்கு ஆள் விட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பட்டறையில் யாரும் இல்லை, எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தார்கள். தொட்டியின் விளிம்பில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு தாள் கிடந்தது. வெள்ளை வெளேரென்று. முனையில் மட்டும், தண்ணீர் படாமல் ஈரம் ஊறி குளோரின் குறைவாக எட்டிய இடத்தில், நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. பார்த்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தேன். எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். வீடு திரும்பும்போது பஸ் ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது என்று எழுதலாம். நடுங்கவில்லை. அன்றைக்கும் நடுங்கவில்லை, அதுதான் என்னை இன்றைக்கும் பயமுறுத்துகிறது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். சுப்பையா பேச முடியாமல் இருமிக்கொண்டே, “முக்கினேன் சார், வெள்ளையா இருந்துச்சு சார்” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். “நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார். தண்ணியில குளோரின் இருந்தா இந்தத் தாள் நீலமாகுமா, ஆகாதா?” என்றார். “ஆகும்” என்றேன். அவ்வளவுதான் என் சாட்சியம். ஒரே சொல். எந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாலும் சரியான விடை. அதிகாரி எழுதிக்கொண்டார். சுப்பையா என்னைப் பார்த்தான். அந்தப் பழைய சந்தேகத்தைச் சபையில் எடுத்துச் சொல்வான் என்று எனக்கு வேர்த்தது. சொல்லவில்லை. சாரே ஆகும் என்கிறபோது தன் கண்தான் மங்கியிருக்கும் என்று நினைத்திருப்பான். கண் மங்கல் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே.

உன் அம்மாவுக்கு அவன்மேல் இரக்கம். “அந்தாளு பொய் சொல்லுத மாதிரித் தெரியலையேங்க, பெத்த தாயப் பறிகுடுத்தவன் மாதிரில்லா நிக்காரு” என்று ஒருநாள் சொன்னாள். “உனக்கு என்னட்டி தெரியும் கெமிஸ்ட்ரி” என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பேச்சியம்மாவின் அண்ணன்மார் சுப்பையாவைச் சுடுகாட்டுக்குக்கூட வரவிடவில்லை என்று கேள்விப்பட்டேன். தேவதானம் பக்கம் ஒரு மாந்தோப்பில் காவலுக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் விஷயமோ வேறு மாதிரி. முதலாளிக்கு என்மேல் மரியாதை கூடியது. பட்டறை தொழிற்சாலையானது. நீ படித்து முடித்ததும் ஒரு வார்த்தை சொன்னேன், உனக்கு மேசை தயாரானது. இந்தப் பதிமூன்று வருடமும் ஹாலஜன்கள் பாடத்தை நடத்திக்கொண்டுதான் இருந்தேன், அந்த இரண்டு மார்க் கேள்வி உட்பட. வாத்தியார் என்பவன் எதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகியவன், உள்ளே ஒன்றும் ஒட்டாது.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் தொழில் என்று வந்தபின் சிலவற்றைச் சொல்லாமல் விட்டால் இன்னொரு பேச்சியம்மா போவாள். அந்தத் தாளை நம்பாதே. தொட்டித் தண்ணீரை அப்படியே சோதிக்காமல், கொஞ்சம் எடுத்து நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்து அதிலும் முக்கிப் பார். ஆள் பள்ளத்தில் இல்லை என்று உன் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆசிட் பீப்பாயைத் தொடவிடு. நீலம் வந்து மறைவதைத் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் செய்து காட்டு, அவர்களுக்குப் புரியாது என்று நீயாக முடிவு கட்டாதே. படிக்காதவன் ஒருவன் வந்து, சார் நான் இப்படிப் பார்த்தேன் என்று சொன்னால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்ப் பார். உன்னைவிட அவன்தான் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறான். சரியான விடையைச் சொல்லிவிட்டேன் என்று ஒருநாளும் நிம்மதியாகத் தூங்காதே. எனக்குத் தெரிந்து, நான் செய்த மிகப் பெரிய பாவம் ஒரு சரியான விடை.

நீ வந்து போனதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, ஒரு பாட்டிலில் பிளீச்சிங் தண்ணீரும் பையில் பத்துத் தாளுமாகத் தேவதானத்துக்குப் பஸ் ஏறினேன். தோப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாகியிருந்தான். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை இளைக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து, “சாரா? எம்புட்டு நாளாச்சு! இம்புட்டுத் தூரம் வந்திருக்கீகளே” என்று துண்டால் கட்டிலைத் தட்டிவிட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டிலைத் திறந்து தாளை முக்கினேன். நீலம் ஓடி வந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. “நீங்க அன்னைக்குப் பாத்தது இதுதான் சுப்பையா. நீங்க முக்கினீங்க. தாள் வெள்ளையாத்தான் இருந்தது. நானே என் கையால எடுத்தேன். தெரிஞ்சே மறைச்சேன்” என்றேன். அவனை நீங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அடிக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

அவன் தாளைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. என்னைத்தான் பாவமாகப் பார்த்தான். “இல்ல சார். நான் முக்கவே இல்ல” என்றான். இளைப்பு அடங்கும்வரை நிறுத்திவிட்டு மறுபடி பேசினான். “முக்கினேன் முக்கினேன்னுதான் ரெண்டு மூணு வருசம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு சனமும் நம்பல. பொறவு எனக்கே சந்தேகமாப் போச்சு. முக்கியிருந்தா நீலமா வந்திருக்கணும்லா, சாரே சொன்னாகளேன்னு யோசிச்சேன். அப்பந்தான் எனக்கே தெளிஞ்சது, அவசரத்துல நான் முக்கல. மச்சினமாரு வீட்டு வாசல்ல போயி விழுந்து, நாந்தான் கொன்னேன், மன்னிச்சிருங்கன்னு அழுதேன். அவிய என்னைத் தூக்கி உக்கார வச்சுச் சோறு போட்டாக சார். அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.” நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சட்டைப் பையைப் பற்றிச் சொன்னேன், நீலக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். வாத்தியார் வேலையில் யாருக்கும் அவ்வளவு பொறுமையாக நான் எதையும் விளக்கியதில்லை. அவன் கடைசிவரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். “அது வேற எவனாச்சும் முக்கிப் போட்டதா இருக்கும் சார். என் மனசு ஆறட்டும்னு உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிடுதீக. இந்த மனசு யாருக்கு வரும்?” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். பஸ் வரும்வரை என்னோடு ரோட்டில் வந்து நின்றான்.

இனி நான் அங்கே போய் என்ன சொன்னாலும் அவன் கும்பிடத்தான் போகிறான். மேலாளரிடமும் முதலாளியிடமும் நானே எழுதிக் கொடுக்கத் தயார். ஆனால் அவர்கள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனே எனக்கு எதிராகச் சாட்சி சொல்வான். நீ அந்த மேசையில் இருப்பதா எழுந்துவிடுவதா என்பதை நான் சொல்ல மாட்டேன், என் சொல்லுக்கு அந்த உரிமை போய்விட்டது. ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். சுப்பையா தாளை முக்கினான். இது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம், நானும் அவனும். அவனிடமிருந்து அதை நான் பிடுங்கிவிட்டேன். அதனால்தான் உன்னிடம் கொடுக்கிறேன்.

அப்பா